மாத்திரைக்கும் மாவுக்கும் நடுவில்

செமோர்,
9.9.1984

அன்புள்ள தம்பி சின்னையாவுக்கு,

அக்கா மங்களம் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம். இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை. கப்பல் பட்டறை வேலை முடிந்து, சாப்பிட்டு, நிதானமாக உட்கார்ந்து படி.

நம் தோட்டத்தை முழுதாக விற்றுவிட்டார்கள். நாம் பிறந்த லயத்து வரிசை வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கிப் புது வீடுகள் கட்டுகிறார்கள். உன் மாமா கல் குவாரியில் லாரி ஓட்டுகிறார். அவருடைய அக்கா வீரம்மாவும் கடைசித் தங்கை நல்லம்மாளும் இப்போது எங்களோடுதான். நல்லம்மாள் ஈப்போவில் சட்டை தைக்கும் பேக்டரிக்குப் போகிறாள். தை மாதம் உனக்கும் அவளுக்கும் பரிசம் என்று வீரம்மா அண்ணி இப்போதே தெருவெல்லாம் சொல்லிவிட்டார்.

தம்பி, எனக்குக் கொஞ்ச நாளாக நெஞ்சு வலி. ஈப்போ ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு அளவுக்கு மீறி இருக்கிறதாம். நான் தினமும் நெய்யும் கறியுமா சாப்பிடுகிறேன் என்று கேட்டேன். டாக்டர் என் விரல் முட்டியிலிருக்கும் கட்டிகளைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டார். ரப்பர் பால் வாளியோடு ஸ்டோருக்குப் போகிற வழியில் விழுந்தார், நாற்பதுகூட ஆகவில்லை, பேய் அடித்தது என்று சொன்னார்கள் என்றேன். பேயும் இல்லை ஒன்றுமில்லை, இது அப்பா வழியாக ரத்தத்தில் வந்த நோய், கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம் என்றார்.

நெஞ்சு வலிக்கு மாத்திரையும், கொழுப்புக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க மாவு மருந்தும் கொடுத்தார்கள். எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமா சொன்னது இதுதான்: “பரிசம் முடியற வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம்லா. அக்காவுக்குத் தெரிஞ்சா பொண்ணு கொடுக்க மாட்டாங்க.”

என் புருஷனைக் கெட்டவர் என்று நினைக்காதே. தாயில்லாத அவரையும் நல்லம்மாளையும் வளர்த்தது வீரம்மா அண்ணிதான். அண்ணியின் புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டார். அந்தக் கதி தங்கைக்கு வரக்கூடாது என்று அவர் கும்பிடாத சாமி இல்லை. அப்படிப்பட்டவரிடம் இதை எப்படிச் சொல்வது?

மருந்தை மைலோ டின்னில் ஒளித்து வைத்தேன். அண்ணி நாள் முழுக்க வீட்டில்தான். அவர் துணி காயப்போட வெளியே போகிற நேரத்தில் மாத்திரையையும் மாவையும் ஒன்றாகவே விழுங்கிவிடுவேன். தனித்தனி நேரத்தில் சாப்பிட எனக்கு எங்கே வழி? சாப்பிடச் சாப்பிட வலி கூடிக்கொண்டே போனது. ஒரு நாள் காலையில் பைப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டேன். பசி மயக்கம் என்று அண்ணியிடம் சமாளித்துவிட்டு, மாமா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டப் பார்த்தார். அங்கே ஆமினா என்று ஒரு நர்ஸ் மிஸ்ஸி. மாமாவை வெளியே அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “அக்கா, எப்படிச் சாப்பிடுறீங்கன்னு உண்மையச் சொல்லுங்க. தெரியாம மருந்தக் கூட்டினா உங்களுக்குத்தான் ஆபத்து” என்றார். சொல்லிவிட்டேன். வயிற்றுக்குள் அந்த மாவு மாத்திரையையும் பிடித்துக்கொள்ளுமாம், உடம்பில் சேர விடாதாம். முதலில் மாத்திரை, ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் மாவு. மாவு முந்திவிட்டால் நாலு மணி நேரத்துக்கு மாத்திரையைத் தொடக்கூடாது. வலி இல்லையென்று நானாக நிறுத்தவும் கூடாது. டாக்டர் பழைய அளவையே வைத்துவிட்டார்.

மிஸ்ஸி மாமாவையும் கூப்பிட்டுச் சொன்னார். மறுநாள் காலையில் அவரே தண்ணீர் கொண்டுவந்து, அண்ணி பார்க்க மாவைக் கலக்கிக் கொடுத்தார். அது என்னவென்று அண்ணி கேட்டதற்கு வயிற்று மருந்து என்று சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன்.

இப்போது நேரம் தவறாமல் சாப்பிடுகிறேன். வலி குறைந்திருக்கிறது. அண்ணிதான் என் வயிற்றுக்கு ஓமத் தண்ணீர் வைத்துத் தருகிறார், மாவைக் குடித்தாயா என்று ஞாபகப்படுத்துகிறார். இந்த வீட்டில் நான் பிழைத்திருப்பதே ஒரு பொய்யால்தான்.

அந்தப் பொய் என்னோடு போகட்டும் என்று விட முடியவில்லை, தம்பி. போன தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேனே, உன் குதிகாலுக்கு மேலே நரம்பு தடித்து முண்டு முண்டாக இருந்தது. காலணி கடித்தது என்றாய். அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. மிஸ்ஸியிடம் சொன்னேன். தம்பியை உடனே ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். என் மாவில் கொஞ்சம் அனுப்பட்டுமா என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார். ஒருவர் மருந்தை இன்னொருவர் தொடக்கூடாதாம். உனக்கு என்ன வேண்டும் என்பதை உன் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அதனால் நீ ஊருக்கு வருவதற்கு முன்னால் சிங்கப்பூரிலேயே ரத்தம் பார்த்துவிடு. அப்பா போன விதத்தையும் டாக்டரிடம் சொல். ஒன்றும் இல்லையென்றால் நான் இங்கே தேங்காய் உடைக்கிறேன். இருக்கிறதென்றால் பரிசத்துக்கு முன்பே நல்லம்மாளிடம் நீயே சொல்லிவிடு. உனக்கு அவள்மேல் எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். அவள் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லலாம். மாமா என்னை என்ன சொல்வார், அண்ணி இந்த வீட்டில் இருப்பாரா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் கட்டிக்கொண்டவளுக்கு ஒளிந்து மருந்து குடிக்கிற வாழ்க்கை உனக்கு வேண்டாம்.

பதிலை வீட்டு விலாசத்துக்குப் போடாதே. கடைத்தெரு சன்னாசி அண்ணன் கடைக்குப் போடு, நான் வாங்கிக்கொள்கிறேன்.

நம் வீட்டு ஆண்களில் ஒருவராவது கிழவனாகி நான் பார்க்க வேண்டும். அது நீயாக இரு, சாமி.

உன் அக்கா,
மங்களம்