மஞ்சப்பெட்டியில் ஒரு மாமா

ஜூன் 19, வியாழன்

விடியும்போதே மழை. புத்தகக் கட்டு மூன்றையும் பாலிதீன் தாளில் சுற்றியாயிற்று. ஆரியசாலை மிளகாய் மண்டியில் முப்பத்தோரு வருஷம் மூட்டை கட்டின கை இது. நந்துவே சொன்னாள், மாமா கட்டினால் கடலில் போட்டாலும் நனையாது என்று. (கடல் நான் சேர்த்தது. 'நனையாது' வரைக்கும் அவள்.)

நந்து என்றால் நந்தினி. தங்கை கோமதியின் ஒரே மகள். வயது இருபத்தேழு, மலையாளத்தில் எழுத்தாளர். பள்ளிக்கூடப் பெரிய பிள்ளைகள் வாசிக்கிற நாவல்கள். 'மஞ்சப்பெட்டி' வந்து நாலு மாசம்தான், அதற்குள் பிள்ளைகள் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். அதில் ஒரு மாமா வருகிறார். பெயர் கிடையாது, வெறும் மாமா. அது நான்தான். கதையே அந்த மாமாவால்தான் ஓடுகிறது என்று கேள்வி.

இன்றிலிருந்து வாசிப்பு வாரம். நாலு பள்ளிக்கூடம், ஒரு நூலகம். மேடையில் அவள் பேசுவாள். கட்டு தூக்குவது, மேஜை போடுவது, புத்தகம் கொடுப்பது, கூட்டத்தை அடக்குவது நான்.

முதல் நாள், கரமனைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. முந்நூறு பிள்ளைகள். (நூற்றிருபது.) மேஜைக்குப் பின்னால் நின்று, நான்தான் அந்த மாமா என்றதும் வரிசை அவளை விட்டு என் பக்கம் திரும்பிவிட்டது. நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். தமிழில் போட்டேன், கொம்பும் சுழியும் வைத்து. ஒரு பிள்ளை கண் கலங்கி என் கையில் ஒரு மிட்டாயை வைத்து, "சாரமில்ல மாமா" என்றாள். பரவாயில்லையாம். எது பரவாயில்லை? குடைத் தண்ணீர் அவள் செருப்பில் சொட்டியிருக்கும்.

தலைமையாசிரியை எனக்குத் தனியாக டீ கொடுத்தார். கேக்கும். கேக் பழசு.

ஜூன் 20, வெள்ளி

கல்லாறு போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடம். இரண்டு பஸ். மழை விட்டு விட்டு.

கிழக்கே கோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கையில் வருகிற பஸ்ஸின் போர்டு ஒவ்வொன்றையும் நந்து வாய்விட்டுப் படித்தாள். சின்னப் பிள்ளையிலிருந்தே அந்தப் பழக்கம். எழுத்தாளர் ஆகியும் போகவில்லை. கேலி செய்தேன். சிரித்துக்கொண்டாள்.

இந்த நோட்டில் ஒன்று எழுதி வைக்கலாம், யாரும் பார்க்கப்போவதில்லை. எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது. பேச்சில் என்னைத் தமிழன் என்று ஒருத்தன் கண்டுபிடிக்கட்டும், மண்டியில் கோட்டயத்து வியாபாரிகளே ஏமாந்திருக்கிறார்கள். படித்தது தமிழ்ப் பள்ளி, எட்டாவது. (ஊருக்குப் பத்தாவது.) மலையாள எழுத்தைப் பார்த்தால் எல்லாம் சுருண்டு ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும். மண்டியில் மூட்டையின் நிறத்தை வைத்துச் சமாளித்தேன். வீட்டில் பேப்பரை விரித்துவைத்துப் படம் பார்த்தேன். யாருக்கும் தெரியாது.

போன ஓணத்துக்கு முன்னால் நந்து பழுப்பு உறையில் தாள்கட்டு ஒன்று கொண்டுவந்தாள். இந்த நாவல்தான், அச்சுக்குப் போகும் முன். "மாமா பார்த்துட்டு சொல்லுங்க. நீங்க சம்மதிக்காம நான் கொடுக்க மாட்டேன், கேட்டோ" என்றாள். பீரோ மேல் வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்தாள். அவள் செருப்பைக் கழற்றும் முன்பே நான், "முழுக்கப் படிச்சாச்சு மோளே. ஒரு எழுத்து மாத்தாதே" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எழுதுகிறவர்களுக்குப் பாராட்டு அப்படித்தான் இறங்கும் போல. தாள்கட்டு இன்னும் பீரோ மேல்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, மாமா இப்பவும் போன் செய்வாரா என்று கேட்டார்கள். தினமும்தான் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாவிட்டால் என்ன, சிரிப்பு சிரிப்புதானே.

திரும்பும்போது பஸ்ஸில் நந்து, "கஷ்டமா இருந்தா வரவேண்டாம் மாமா" என்றாள். இந்தக் கட்டைத் தூக்கவா எனக்குக் கஷ்டம்? ஒரு காலத்தில் ஒரே நேரத்தில் மூன்று மூட்டை தூக்கினவன். (இரண்டு.)

ஜூன் 22, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. முட்டி வலி இடது.

கோமதிக்குக் கதை சொன்னேன். அவளுக்கும் மலையாள எழுத்து வராது. மகள் எழுதினதை அறிய ஆசை. நாலு மாசமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் புத்தகத்தை மடியில் விரித்துவைத்து, வாசித்துத் தமிழில் சொல்கிறேன். அதாவது சொல்கிறேன். அட்டையில் மஞ்சளாக ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு சிறுமி. நான் அதை ராஜா காலத்து நகைப்பெட்டி ஆக்கி, கோட்டைக்குள் சுரங்கம் வரை கொண்டுபோயிருக்கிறேன். மாமா இதுவரை இரண்டு திருடர்களைப் பிடித்துவிட்டார்.

அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டாள், "அண்ணே, அதுல அவ அப்பா வாறாரா?"

இல்லை, அப்பன் பேச்சே கிடையாது என்றேன். "நல்லதாப் போச்சு" என்று முறத்தைப் பார்த்தாள். அந்த ஆள் வேறொருத்தியோடு புனலூர் பக்கம் போய்ப் பதினெட்டு வருஷம். இன்னும் அவன் பெயரை எடுத்தால் கோமதிக்குச் சோறு இறங்காது.

ஜூன் 23, திங்கள்

எழுதவேண்டாம் என்று பார்த்தேன். எழுதாமலும் முடியவில்லை.

நூலக அரங்கு. பிள்ளைகள் எழுபது பேர். அத்தனை பேரும்தான், கூட்டிச் சொல்லவில்லை. நந்து பேசி முடித்ததும் கேள்வி நேரம். நானாகவே மேடை ஏறி அவள் பக்கத்தில் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை.

பத்தாவது படிக்கிற பிள்ளை, கண்ணாடி போட்டவள், மைக்கை வாங்கி என்னைப் பார்த்துக் கேட்டாள். "அவளுக்கு எல்லாம் அறியாம்னு மாமாக்கு அறியாமாயிருந்நோ?" அவளுக்கு எல்லாம் தெரியும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்கிறாள்.

எதை என்றேன். புத்தகத்தை விரித்து உரக்க வாசித்தாள். வாசித்தால் எனக்குப் புரியுமே. அத்தனையும் புரிந்தது.

ஒரு சிறுமி. அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். மாமா அவளிடம், அப்பா கல்ஃபில் இருக்கிறார், வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வார் என்கிறார். ஆரியசாலையில் ஒரு கடை வாசலில் தொங்கும் மஞ்சள் பெட்டி போன், ஒரு ரூபாய் போடுகிறது. நாலு மணிக்கு அவளைக் கூட்டிப்போய், ரிசீவரைக் காதில் வைத்துச் சிரித்துப் பேசி, அப்பா கேட்டதை எல்லாம் அவளிடம் சொல்கிறார். ஒரு நாள் சில்லறை மாற்ற, லைன் போய்விடும் பிடித்துக்கொள் என்று ரிசீவரை அவள் கையில் கொடுக்கிறார். அவள் காதில் வைக்கிறாள். கர்ர் என்று ஒரு சத்தம். வேறொன்றும் இல்லை. அவள் மாமாவிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஒன்றரை வருஷம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அப்பா என்ன சொன்னார் மாமா என்று கேட்டுக்கொண்டு கூடப் போகிறாள்.

எழுபது பேரும் என்னையே பார்த்தார்கள். நந்துவும்.

"அறியாமாயிருந்நு" என்றேன். தெரியும் என்று. கை தட்டினார்கள்.

கட்டைச் சரியாகக் கட்டாமல் வந்துவிட்டேன். வழியில் மழை. எட்டுப் புத்தகம் நனைந்தது.

ஜூன் 24, செவ்வாய்

கஞ்சி. நந்து மூன்று தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. இன்றைய பள்ளிக்கு அவள் ஆட்டோவில் கட்டு ஏற்றிப் போனதாகக் கோமதி சொன்னாள். காய்ச்சல் என்று சொல்லச் சொல்லியிருந்தேன்.

எனக்கு நடந்தது:

ஒன்று. ஒன்பது வயதுப் பிள்ளை என்னை ஏமாற்றியிருக்கிறது. நான் வாயைத் திறக்கும்போதே பொய் என்று தெரிந்துகொண்டு, முகத்தைத் தூக்கிக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது. நான் அந்தப் போனில் என்னவெல்லாம் பேசினேன். ஒட்டகம். பாலைவனத்தில் மழை. அவளுக்கு வாங்கி வைத்த சிவப்புச் செருப்பு, கஸ்டம்ஸ்காரன் பிடித்துக்கொண்டது.

இரண்டு. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, கோமதிக்கே தெரியாது. அதை ஊர்ப் பிள்ளைகள் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

மூன்று. அதை நானே தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய், நான்தான் அந்த மாமா என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மிட்டாய் கொடுத்த பிள்ளைக்கும் தெரியும். போன் செய்வாரா என்று சிரித்த பையன்களுக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது.

என் வாழ்நாளில் நான் சொன்னதை முழுக்க நம்பின ஒரே ஆள் அவள் என்று வைத்திருந்தேன். மண்டியில் ஒருத்தனும் நம்பமாட்டான். கோமதி பாதியை நம்புவாள். நந்து மட்டும் எல்லாவற்றையும்.

ஜூன் 25, புதன்

நந்து நேரில் வந்தாள். கோமதி கோயிலுக்குப் போயிருந்தாள், நல்லதாயிற்று. உட்காரச் சொல்லவில்லை. அவளே உட்கார்ந்தாள்.

ஒன்றரை வருஷம் என்னை நடிக்கவைத்து வேடிக்கை பார்த்தாயல்லவா என்று கேட்டுவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"வேடிக்கையா? அந்த ஒரு நாள்தான் மாமா இஸ்திரி போட்ட சட்டை போடுவீங்க. மண்டியில பாதி நாள் லீவு சொல்லிட்டு வருவீங்க. எனக்குத் தெரியும்னு சொல்லியிருந்தா அடுத்த வெள்ளிக்கிழமை வந்திருப்பீங்களா? அப்பாதான் போயாச்சு. மாமாவும் போயிட்டா?"

வேறு இடத்தில் பிடித்தேன். என்னிடம் சொல்லாததை ஊருக்குச் சொல்வானேன்? கோமதி காதுக்குப் போனால்?

"மாமாகிட்ட எழுதிக் கேட்டேனல்லோ. சரின்னீங்க. ஒரு எழுத்து மாத்தாதேன்னீங்க. நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பகுதியே இருக்காது. மன்னிச்சுட்டீங்கன்னு நினைச்சு நான் அன்னைக்கு ராத்திரி முழுக்க..." நிறுத்திவிட்டாள்.

படிக்கவில்லை என்று சொன்னால், படித்தேன் என்றது பொய். படித்தேன் என்றால் இப்போது கத்துவதற்கு எனக்கு என்ன உரிமை? இரண்டு பக்கமும் சுவர்.

"மாமா ஒண்ணு சொல்லுங்க" என்றாள். தலை வலிக்கிறது என்றேன். எழுந்து போனாள். வாசலில் குடையை மறந்துவிட்டாள். எடுத்து உள்ளே வைத்தேன். கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம்.

ஜூன் 26, வியாழன்

மழை இல்லை, புழுக்கம். காலையில் பீரோ மேலிருந்த தாள்கட்டை எடுத்தேன். எடைக்குப் போட்டுவிடுவது என்று. உறை பிசின் ஒட்டினபடியே இருக்கிறது. நான் பிரிக்கவே இல்லை.

கிழித்தேன். தாள்களைப் பத்துப் பத்தாக மடக்கும்போது நடுவில் ஒரு மஞ்சள் தாள். கையால் எழுதியது. தமிழ்.

நந்து பள்ளியில் தமிழ் படித்ததில்லை. ஒவ்வொரு எழுத்தும் பெரிதாக, தனித்தனியாக, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஸ்லேட்டில் எழுதின மாதிரி. அப்படியே இங்கே:

"மாமா. இதுக்கு அப்புறம் நம்ம போன் கதை. உங்களால வாசிக்க முடியாது, எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வருகிறேன். நான் வாசிக்கிறேன், நீங்க கேளுங்க. கேட்கவே வேண்டாம்னாலும் சொல்லுங்க. வேண்டாம்னா இந்தத் தாளைக் கிழிச்சுப் போடுங்க, நானும் கதையைக் கிழிச்சிடுறேன். நந்து."

மூன்று தரம் படித்தேன். இது உண்மையிலேயே மூன்று தரம்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வாசிக்க வந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை நான். படிச்சாச்சு என்றதை, இந்தத் தாளைப் படித்துவிட்டுச் சரி என்கிறேன் என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

பஸ் போர்டு. சின்னப் பிள்ளையிலிருந்து வாய்விட்டுப் படித்தாளே. ஹோட்டல் பலகை, மருந்துச் சீட்டு, கரண்ட் பில், எல்லாம். தனக்குத்தானே படிக்கிறாள் என்று கேலி செய்தேனே. இதையும் தெரிந்துகொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஒரு பொய்யையாவது எனக்கென்று விட்டுவைத்தாளா?

கோபம் இன்னும் இருக்கிறது. இல்லை என்று எழுதமாட்டேன். ஆனால் யார்மேல் என்று நேற்றுவரை தெரிந்திருந்தது.

கோமதி எட்டிப்பார்த்து, என்ன தாள் என்றாள். மண்டிக் கணக்கு என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

தூறல். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். போடும்போதுதான் கிழமை உறைத்தது. போட்டு முடித்தேன்.

வாசிப்பு வாரம் இன்றோடு முடிவு. அவள் கடைசிப் பள்ளிக்கூடத்தில். மூன்றரைக்கு ஆரியசாலைக்கு நடந்தேன், அவள் குடையைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கடை இப்போது செல்போன் உறை விற்கிறது. சுவரில் பெட்டி தொங்கின இரண்டு ஆணித் துளை இருக்கிறது. இல்லை. சுவருக்குப் புது டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். துளை நான் சேர்த்தது.

நாலு மணிக்கு அவளுக்குப் போன் போட்டேன். கேட்கவேண்டியதை எல்லாம் வழி நெடுக அடுக்கிக்கொண்டு வந்தேன், ஏன் சொல்லவில்லை, எப்படி மனசு வந்தது, கோமதிக்கு யார் பதில் சொல்வது என்று. உடனே எடுத்தாள். பின்னால் பிள்ளைகள் சத்தம். "மாமா" என்றாள்.

"நந்து, நான் அதைப் படிக்கல. உறையே பிரிக்கல. உன் தமிழ்த் தாளு நேத்துதான் பார்த்தேன்."

அந்தப் பக்கம் பேச்சில்லை. பிள்ளைகள் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது, எங்கோ ஓரமாக நடந்து போகிறாள் போல. பிறகு அதுவும் இல்லை. கடைக்காரன், உறை வேண்டுமா சேட்டா என்றான். வேண்டாம் என்று கை காட்டினேன்.

அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ஒன்றுமே கேட்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.