கவிழ்த்துப் பாக்காத மெசின்

செவ்வாய், இரவு

இவர் காலை முறிச்சுக்கொண்டு கடலுக்குப் போகாமல் கிடக்கிறார். இனி என்ர தையல்தான் எங்களுக்குச் சோறு. அதுக்காக இண்டைக்குக் கிண்ணியாவுக்குப் போய், காலால மிதிக்கிற பழைய தையல் மெசின் ஒண்டு வாங்கினன்.

கடையில ரெண்டு நிண்டது. ஒண்டு பெயின்ற் உரிஞ்சுபோனது. மற்றது கறுப்புப் பளபளப்பு, பொன்னிறப் பூவும் போட்டது. எனக்கு அந்தப் பூதான் கண்ணில பட்டது. கடைக்கார நானா, "கவிழ்த்து அடியையும் பாருங்க தங்கச்சி. பிறகு திருப்பி எடுக்கமாட்டன்" எண்டவர். மூண்டு மணிக்கு இராகுகாலம். அதுக்கு முதல் வீட்டு வாசலைத் தாண்டவேணும் எண்ட அவதியில, "பரவாயில்லை, ஆட்டோவில ஏத்துங்கோ" எண்டிட்டன்.

நேரத்துக்கு வந்திட்டன். சந்தனப் பொட்டும் வைச்சன். அதுக்குப் பிறகுதான் கவிழ்த்தன். அடியெல்லாம் உப்புக்காத்து அரிச்ச துரு. துருவுக்கு மேலயே பெயின்ற் அடிச்சுக் கிடக்குது. தண்டு ஆடுது, ஊசி முறியுது, ஒரு தையலும் விழேல்லை. திருத்துறவரும் வந்து பாத்திட்டு, "ஏலாது அக்கா" எண்டு போட்டார். நாளைக்குச் சனம் பள்ளிக்கூடச் சட்டைக்குத் துணி கொண்டு வரும்.

இவர் கட்டிலில கிடந்தபடி, "நல்ல மெசினோ?" எண்டு கேட்டார்.

"நல்ல நேரத்துக்குள்ள கொண்டுவந்திட்டன்" எண்டு மட்டும் சொன்னன்.