பந்தல் கம்பியில் ஒரு சட்டை

ஐப்பசி 9, வியாழன்

சட்டையை எரிச்சுட்டேன்னு சொன்னது பொய்தான் செல்வி ஆத்தா. அதுக்காகப் பேச்சை முடிக்க விடாமப் போயிருவியா?

பேத்தி செல்வி காலேஜுக்காகத் திராட்சைப் பந்தல் கம்பியை வளைத்து, காலி பூச்சிமருந்துப் பைகளைத் தைத்து, ஆளுயரச் சட்டை செய்திருக்கிறாள். கொடிக்கு மருந்தடித்துச் சாகிற பெண்களுக்காகவாம்.

"இதைப் பாத்தா புலிக்கே பயப்படாத கோம்பை நாயே ஓடிரும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அம்மா கடைசியா சேலைக்கு மேல போட்டிருந்த உங்க சட்டையக் குடுங்க தாத்தா. நெஞ்சுல வச்சுத் தைக்கணும்."

அந்தச் சட்டையோடுதான் என் மருமகள் தோட்டத்தில் விழுந்தாள். அது என் பெட்டியில் இருக்கிறது. எரித்துவிட்டதாகச் சொன்னேன். செல்வி முகம் சுருங்கியது.

"அன்னைக்குக் காத்து எதுத்து அடிக்குது, நாளைக்கு மருந்து அடிப்போம் மாமான்னு உங்கம்மா சொன்னா. மகாராணிக்குக் காத்து ஆகாதோன்னு நான்தான் கேலி பண்ணி அன்னைக்கே அடிக்க வச்சு..."

செல்வி 'அடிப்போம் மாமா' வரைக்கும்தான் கேட்டிருப்பாள். கம்பிச் சட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.