முதுகு மட்டும் தெரியும் அப்பா

ஜூஜுவாடி,
20.1.2008

அன்புள்ள ஸ்வாதி அப்பாவுக்கு,

நாங்கள் நலம். போனில் எதைக் கேட்டாலும் "சரி, வச்சுடட்டுமா" என்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது பாருங்கள்.

வேலை நிறைய. வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்கு வாரம் இரண்டு படம். சமையல் புத்தகம் ஒன்றுக்கு அட்டை; ராயக்கோட்டைத் தக்காளியை அடுக்கி வைத்து வரைந்தேன், முடிப்பதற்குள் பாதியை உங்கள் மகள் தின்றுவிட்டாள். இப்போது சென்னைப் பதிப்பகத்துக்குக் குழந்தைகள் புத்தகம். அப்பா வேலையிலிருந்து வரக் காத்திருக்கும் ஒரு சிறுமியின் கதை.

பென்சில் படங்களைக் கூரியரில் அனுப்பியிருந்தேன். நேற்று எடிட்டர் ஃபகருன்னிசா மேடம் போன் செய்தார். "ஏம்மா, அப்பாவுக்கு ஒரு பக்கத்துலகூட முகமே இல்லையே?" என்றார். எடுத்துப் பார்த்தேன். ஆறு பக்கத்தில் அப்பா இருக்கிறார், ஆறிலும் முதுகுதான். சத்தியமாக நான் கவனிக்கவே இல்லை. லீவு முடிந்து உங்களை பஸ் ஏற்றிவிட்டே பழகிய கண்.

வடக்கே புது ஃபேக்டரிக்கு ஆறு மாதம் என்று கம்பெனியில் அனுப்பினார்கள், ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஏப்ரலில் திரும்பி வந்துவிடுவீர்கள்தானே?

உங்கள்
லாவண்யா

ருத்ரபூர்,
2.2.2008

அன்பு லாவண்யா,

கடிதத்தை இங்கே கூட வேலை செய்யும் நம்ம ஊர் ஆட்களுக்குப் படித்துக் காட்டினேன். முதுகு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். கல்யாண ஆல்பத்தைப் பார்த்து வரையேன், அதில் மீசை நன்றாக இருக்கும்.

ஃபேக்டரியில் புது லைன் ஓட ஆரம்பித்துவிட்டது. ஏப்ரலைப் பற்றி ஹெட் ஆபீஸ் கந்தன் சார் பேசினார். நேரில் சொல்கிறேன். ஸ்வாதிக்கு முத்தம்.

உன்
சின்னராஜ்

ஜூஜுவாடி,
11.2.2008

அன்புள்ள உங்களுக்கு,

ஆல்பத்தைப் பார்த்து வரைந்தேன். ஸ்வாதி எட்டிப் பார்த்து, "இது யாரும்மா, டிவில வர்ற மாமாவா?" என்றாள். சிரித்துவிட்டேன். அப்புறம் நினைவிலிருந்து வரைய உட்கார்ந்தேன். மூக்கு வந்தது, மீசை வந்தது. வீட்டுக்குள் நுழையும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்பது மட்டும் வரவில்லை. அழுகை வந்துவிட்டது.

கந்தன் சார் என்ன பேசினார்? நேரில் வேண்டாம், எழுதுங்கள்.

உங்கள்
லாவண்யா

ருத்ரபூர்,
24.2.2008

அன்பு லாவண்யா,

என்னை இங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொன்னார்கள். மேனேஜர் பதவி. உன் முதல் கடிதம் வந்த வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்வாய் என்றுதான் சொல்லவில்லை.

நீயும் பாப்பாவும் இங்கே வந்துவிடலாமே? படம் எங்கிருந்தும் வரையலாம். இல்லையென்றால் வருஷத்துக்கு இரண்டு தடவை நான் வந்து போகிறேன். சித்திரை ஒன்றுக்கு நான்கு நாள் லீவு சொல்லி டிக்கெட்டும் போட்டாயிற்று.

உன்
சின்னராஜ்

ஜூஜுவாடி,
5.3.2008

அன்புள்ள ஸ்வாதி அப்பாவுக்கு,

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. முகம் இல்லாமலே இருக்கட்டும் என்று மேடம் விட்டுவிட்டார்.

படம் எங்கிருந்தும் வரையலாம், உண்மைதான். கையெழுத்துப் போடும் முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பேன். இப்போது கேட்பது எனக்குக் கேள்வியாகத் தெரியவில்லை. நாங்கள் வரவில்லை.

நான்கு நாள் லீவுக்கு நீங்களும் வர வேண்டாம். நீங்கள் கிளம்பிப் போனால் ஸ்வாதி தேற ஒரு வாரம் ஆகிறது. எனக்கு அதைவிட அதிக நாள் ஆகிறது, இதுவரை சொன்னதில்லை. இங்கேயே இருப்பதற்கு வருவதானால் சொல்லாமல்கூட வாருங்கள். டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடுங்கள்.

லாவண்யா