குரலைக் குறைத்த கை

என் செல்லப் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் படியோடு சண்டை போட்டுக்கொண்டே ஏறுகிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று எழுதியிருந்தேனே, ஆள் வேண்டாம் என்று நானே சரிசெய்தேன், இப்போது ஒழுகுவதே இல்லை, திறந்தாலும் தண்ணீர் வருவதில்லை, அதற்கு அம்மா சொன்னதையெல்லாம் எழுத முடியாது. கீழ் வீட்டுத் தையல்காரர் உன்னை விசாரித்தார். உன் கடிதம் வந்து பல நாளாகிறது, பதில் எழுதத் தாமதமானதற்கு வேலை காரணம் இல்லை. எழுத உட்காருவதும் பேனாவை மூடி வைப்பதுமாக இருந்தேன். போனில் சொல்லிவிடலாம் என்றும் பார்த்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை, மழை பெய்கிறதா வெயில் அடிக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் வெட்கம்தான் காரணம்.

நான் சவுண்டு பார்க்கிற எங்கள் அரங்கத்துக்கு அந்த விஞ்ஞானி அம்மா பேச வந்ததையும், பாதிப் பேச்சில் அவருக்குக் குரல் கம்மிப்போனதையும், வயதாகிவிட்டது, இனி மேடையே வேண்டாம் என்று அவர் ஒதுங்கிக்கொண்டதையும் செய்தியில் படித்து மனசு கஷ்டப்பட்டதாக எழுதியிருந்தாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. புகை மண்டிய வீட்டுக்குள் எங்கே ஆள் கிடக்கிறார் என்று உடம்புச் சூட்டை வைத்துக் காட்டுகிறதே தீயணைப்புக்காரர்களின் கருவி, அதற்கு வழி கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து அவர் உனக்கு எல்லாருக்கும் மேலே. அவர் படத்தை மேஜைக்கு மேலே ஒட்டிச் சுவரின் சுண்ணாம்பைப் பெயர்த்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தானே நீ. அந்தக் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய், “பாவம்ப்பா அவங்க, நீங்க சவுண்டை எவ்வளவு கூட்டி வச்சிருப்பீங்க, அப்படியும் முடியலையே” என்று. அம்மாதான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வரி வந்ததும் நான் எழுந்து பின்பக்கம் போய், காய்ந்த துணியை மறுபடி பிழிந்து போட்டுக்கொண்டு நின்றேன்.

நான் கூட்டவில்லை பாப்பா. குறைத்தேன். அவர் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, என் கைதான் அதைக் குறைத்தது. எழுதிவிட்டேன், இனி இதை அடிக்கவும் மாட்டேன், வேறு தாளில் திருத்தி எழுதவும் மாட்டேன்.

நடந்தது இதுதான். எங்கள் நிர்வாகி, கண்ணாடிக்காரர் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வோமே, அவர் கூட்டத்தன்று மதியம் என் அறைக்கு வந்தார். என் அறை என்றால் உனக்குத் தெரியும், ஹாலின் கடைசியில் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் சவுண்டு மிக்ஸரும் நானும் ஒரு உடைந்த நாற்காலியும். அரங்கத்துக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்த முதலாளி முன்வரிசையில் உட்காரப் போகிறார், அவருடைய தொழிற்சாலையில் துப்பாக்கியில் குறி பார்க்கிற லென்ஸ்கள் செய்கிறார்கள், அந்த அம்மா சமீபமாகப் போகிற இடமெல்லாம் சண்டைக்கும் ஆயுதத்துக்கும் எதிராகப் பேசுகிறாராம். “அந்தப் பக்கம் போனாங்கன்னா நான் கண்ணாடியைக் கழட்டுவேன், நீங்க சவுண்டைப் பக்குவமா இறக்கிடுங்க. பெரிய மனுஷி, மனசு நோகக் கூடாது பாருங்க” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, அதெல்லாம் பாத்துக்கறேன் சார் என்றேன். பயந்து சொல்லவில்லை. பக்குவமா என்று அவர் சொன்ன சொல் எனக்குப் பெருமையாக இருந்தது, அதுதான் இன்னும் கேவலம்.

இது எங்கள் தொழிலில் ஒரு கைப்பழக்கம். மேடையை விட்டு இறங்காத பிரமுகர், சுருதி விட்டுப் பாடுகிறவர், வாழ்த்த வந்து தன் கதையைச் சொல்கிறவர் என்று எத்தனையோ பேரை இப்படி இறக்கியிருக்கிறேன். சட்டென்று நிறுத்தினால் கூட்டம் திரும்பி என்னைப் பார்க்கும். ஃபேடர் என்கிற கட்டையை விரல் நுனியால் மெல்ல மெல்லக் கீழே இழுத்தால் பேசுகிறவருக்குக் களைப்பு வந்த மாதிரி இருக்கும். மேடையில் அவர் காதுக்குப் போகிற ஸ்பீக்கரையும் கூடவே இறக்கினால் அவருக்கே தன் தொண்டை மேல்தான் சந்தேகம் வரும். கல்யாணக் கச்சேரிகளில் இதைச் செய்துவிட்டு வந்து வீட்டில் நடித்துக் காட்டி உன்னையும் அம்மாவையும் சிரிக்க வைத்திருக்கிறேன். அன்றைக்கும் அதையேதான் செய்தேன், இதுவரை செய்ததிலேயே நேர்த்தியாகச் செய்தேன்.

ஹாலுக்குப் போகிற சத்தம் ஒரு வழி, என் ஹெட்போனுக்கு வருவது வேறு வழி. அதனால் கூட்டத்துக்குக் கேட்காமல் போனது எல்லாம் எனக்கு மட்டும் காதுக்குள் பேசுவதுபோலக் கேட்டது. பதிவை நிர்வாகி அன்றே வாங்கிக்கொண்டு போய்விட்டார், ஆகவே அந்த விஞ்ஞானி அம்மா என்ன சொன்னார் என்று நீ கேட்டதற்குப் பதில் என்னிடம்தான் இருக்கிறது. முதலில் அந்தக் கருவியைப் பற்றிச் சொன்னார். எரிகிற வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்த ஒரு குழந்தையை அதை வைத்து எடுத்ததாகக் கேள்விப்பட்ட அன்று சமையலறையில் தனியாக ஆடினாராம். பிறகு அதையே துப்பாக்கியில் பொருத்தினார்கள், இருட்டில் ஓடி ஒளிகிறவனைச் சுட. “அந்தக் கருவியோட கண்ணுக்கு ஆள்தாங்க தெரியும், எதிரின்னு ஒருத்தன் தெரியவே மாட்டான், அது நம்ம வாய் வைக்கிற பேரு” என்றார். அப்போதுதான் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் கை தானாகக் கட்டைக்குப் போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்த விஞ்ஞானி அம்மா சொன்னதை என் சொல்லில் எழுதுகிறேன், அவர் சொன்ன அழகு இதில் வராது. தன்னை யாரும் ஏமாற்றவில்லை என்றார். மாதிரி வேண்டும் என்றார்கள் செய்து கொடுத்தேன், இன்னும் கூர்மையாக வேண்டும் என்றார்கள் செய்து கொடுத்தேன், எதற்கு என்று ஒரு நாளும் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று கேட்கவில்லை என்றார். கெட்டவர்களைக் கண்டு தனக்குப் பயமே இல்லையாம், அவர்கள் கொஞ்சம் பேர்தான், தங்கள் கையால் ஒரு திருகாணியைக்கூட முடுக்கத் தெரியாதவர்கள். “சொன்ன வேலையை நல்லா செய்யற நல்லவங்க இருக்காங்களே, அவங்களைப் பாத்தாதான் எனக்கு பயம். நானே அப்படி ஒருத்திதான்” என்றார். சமாதானம் என்பது பெரியவர்கள் போடுகிற கையெழுத்து இல்லையாம், நம் கை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் இதை நான் செய்ய மாட்டேன் என்று ஒருவர் சொல்வதுதானாம். எவ்வளவு சரியாகச் சொல்கிறார் என்று நான் தலையை ஆட்டிக்கொண்டே இறக்கிக்கொண்டிருந்தேன் பாப்பா. இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது. அவர் தண்ணீர் குடித்தார், தொண்டையைச் செருமினார், மைக்கை நெருங்கி வந்து நின்றார், அவர் நெருங்க நெருங்க நான் இன்னும் இறக்கினேன். தர்மம் நியாயம் என்று தனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஒரு காரியத்தை யாருக்குச் செய்கிறோமோ அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா என்று மட்டும் பார்ப்பதாகச் சொன்னார். அதோடு கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் பலமாகக் கை தட்டியது. பாவம், வயசு என்று உச்சுக்கொட்டிக்கொண்டே தட்டினார்கள்.

எல்லாரும் போன பிறகு அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். மேடைக்காரர்களிடம் கேட்டால் மரியாதைக்கு நல்லாயிருந்தது என்பார்கள், நீங்கள் சவுண்டுக்காரர், உண்மையைச் சொல்லுங்கள், என் குரல் போய்விட்டதா என்று கேட்டார். முகத்துக்கு நேராக. நான், “கொஞ்சம் களைப்பாதான் இருந்ததும்மா, வயசாச்சில்ல” என்றேன். அவர் என் தோளைத் தட்டி, “எனக்காக ரொம்ப சிரமப்பட்டிருப்பீங்க, கஷ்டம் குடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். காவலாளி வந்து விளக்கை அணைக்கலாமா என்று கேட்ட பிறகுதான் அந்த நாற்காலியை விட்டு எழுந்தேன்.

அப்போதும் நான் அசையவில்லை என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அவர் ஒதுங்கிக்கொண்ட செய்தி வந்தது, அப்போதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். உன் கடிதம் வந்த பிறகும் பல நாள் மறைத்துவிட்டு, நேற்றுக் காலையில்தான் அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இது உங்க கைதானே, நீங்க சொன்னா கேக்காதா” என்றாள். பிறகு, போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், இந்த வீட்டில் சாப்பாடு அதற்கப்புறம்தான் என்றாள். உன் அம்மா சொன்னால் சொன்னதுதான், தெரியுமே உனக்கு.

அந்த விஞ்ஞானி அம்மா தங்கியிருக்கும் வீட்டை விசாரித்துக்கொண்டு நேற்றே போனேன். தெரு முனை வரைக்கும் போய் இரண்டு தடவை திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவை அவரே சன்னலிலிருந்து பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி, கையில் சிலேட்டு. தொண்டையில் ஒரு கோளாறும் தெரியவில்லை, வயசுதான், பேச்சைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னாராம், அதனால் அன்றிலிருந்து வீட்டில்கூட வாய் திறப்பதில்லை, வேண்டியதை எழுதித்தான் காட்டுகிறார். உட்காருங்கள் என்று எழுதிக் காட்டினார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கண்ணாடியைக் கழற்றியது, கட்டையை இழுத்தது, அவர் காதுக்கான ஸ்பீக்கரை இறக்கியது, அவர் கேட்டபோது பொய் சொன்னது, ஒன்றையும் மென்று முழுங்கவில்லை. தரையைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன், பாதியில் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேன், பார்க்காமல் சொன்னால் அது சொன்னதாகாது என்று பட்டது.

அவர் எழுதுவதற்குச் சிலேட்டை எடுத்தார், பலப்பத்தை வைத்தார், ஒரு எழுத்துகூட எழுதாமல் அப்படியே கீழே வைத்துவிட்டார். பிறகு வாயைத் திறந்து, அப்போ என் குரல் நல்லாத்தான் இருந்துச்சா என்று கேட்டார். கணீரென்று கேட்டது, பக்கத்து அறை வரைக்கும் கேட்டிருக்கும். நல்லா இருந்துச்சும்மா என்றேன். கடைசி வரைக்குமா என்றார். கடைசி வரைக்கும் என்றேன். கழுத்துத் துணியை அவிழ்த்து நாற்காலி மேல் வீசிவிட்டுச் சிரித்தார் பாரு, சின்னப் பிள்ளை மாதிரி, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது. அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். நான் மன்னிப்பு என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். “அதெல்லாம் இன்னிக்கு வேண்டாம். இன்னிக்கு எனக்கு சந்தோஷமா இருக்கு, கோபம் வரமாட்டேங்குது. நாளைக்கு கண்டிப்பா வரும், நாளைக்கு வாங்க, திட்டறேன்” என்றார்.

அதனால் இன்று சாயங்காலம் போகிறேன், திட்டு வாங்க. காலையில் கண்ணாடிக்காரரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன், “நீங்க என்ன பெரிய யோக்கியரா” என்று கேட்டார், இல்லை சார் என்றேன், அது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரியும். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று அவர் இன்னும் சொல்லவில்லை. அதை நினைத்து நீ அங்கே கவலைப்பட்டுக்கொண்டிருக்காதே, எங்கள் இரண்டு பேர் வயிற்றுக்கு எப்படியும் ஓடிவிடும்.

நீ நல்ல ஆயுளோடு, நல்ல பெயரோடு இருக்க வேண்டும், உன் கை என்றைக்கும் உன் சொல் கேட்கிற கையாக இருக்க வேண்டும், அப்பா ஆசீர்வாதம் செய்கிறேன் என்று எழுத இப்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அம்மாவின் ஆசீர்வாதத்தை முதலில் எடுத்துக்கொள், மிச்சத்துக்கு என்னுடையதையும் வைத்துக்கொள். குளிர் ஆரம்பித்துவிட்டதாம், காதை மூடாமல் வெளியே போகாதே. பதில் உடனே எழுது. எனக்குத் தெரியும், உனக்கு என்மேல் கோபம் வந்தாலும் அதை அடக்கிக்கொண்டு, அப்பா மனசு நோகுமே என்று தன்மையாகத்தான் எழுதுவாய். இந்த ஒரு தடவை குரலைக் குறைக்காதே பாப்பா, பரவாயில்லைப்பா என்று மட்டும் எழுதிவிடாதே.

தலை குனிந்தபடி,
உன் அப்பா