எண்பது கேட்டால் நூற்றிருபதா?

அருப்புக்கோட்டை
14.9.1994

கர்த்தருக்குள் பிரியமான தம்பி ஜாபேசுக்கு,

அக்கா ஜெப ஷீலா எழுதுவது. நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். எனக்கு வயிறு எரிகிறது, அதனால் விசாரிக்கவில்லை.

நம் அச்சுக் கடையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரை வேகமாக ஓட்டுகிற ஆக்ஸிலரேட்டர் போர்டுக்கு மெமரி சிப் கேட்டிருந்தேன். எண்பது நானோ செகண்ட், அதற்கு மேல் கூடாது என்று அடியில் இரண்டு கோடு போட்டேன். நீ நூற்றிருபது அனுப்பியிருக்கிறாய். கூடவே பெருமையாக ஒரு சீட்டு: "எம்பதாம் நம்பர் நூலவிட நூத்திருவதுதானக்கா ஒசத்தி? அதான் ஒசத்தியாவே வாங்கிட்டேன்."

தறிக்காரர் மகன் என்பதைச் சென்னையில் போயா காட்ட வேண்டும்? நூலுக்கு நம்பர் ஏற ஏற உசத்தி, சரி. சிப்புக்கு அந்த நம்பர், கேட்டதை எடுத்துக் கொடுக்கப் பிடிக்கும் நேரமடா! ஏற ஏற மந்தம். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் உன் கௌரவம் குறைந்துவிடுமா?

அதை மாட்டித்தான் தங்கச்சி ஷெரின் கல்யாணப் பத்திரிகையை அடித்தேன். இரண்டு நாள் கம்ப்யூட்டர் ஓடியது. மூன்றாம் நாள் மத்தியானம் அப்படியே நின்றுவிட்டது. ப்ளாப்பியிலும் குப்பைதான் பதிந்திருக்கிறது. மூன்று நாள் வேலை போச்சு. போன ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலையை முதல் தடவை வாசித்தாகிவிட்டது. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் கல்யாணம்தான். காரியாபட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஆள் விட்டு, "சொந்தக் கடை இருந்தும் பத்திரிகை வரலையா?" என்று கேட்கிறார்கள். வேறு பிரஸ்ஸில் அடித்தால் அப்புறம் நம் கடைக்கு எவர் வருவார்?

கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது என்றும் எழுதியிருக்கிறாய். லீவு இல்லையா, அப்பா முகத்தில் விழிக்க மனசில்லையா? தறியை விட்டுப் போனவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று அவர் அன்றைக்குச் சொன்னது தப்புதான். அதைப் பிடித்துக்கொண்டு நீ இரண்டு வருஷமாக ஊர்ப்பக்கம் வராததும் தப்புதான். உங்கள் இரண்டு பேர் வீம்புக்கும் நடுவில் ஷெரின்தான் அழுகிறாள்.

பத்திரிகையை மறுபடி அடிக்க வேண்டுமே என்று நேற்று அப்பாவைச் சொல்லச் சொல்லி எழுதினேன். நல்வரவை விரும்பும் பெயர்களுக்கு வந்தோம். "மொதல்ல ஜாபேஸ் பேரப் போடு" என்றார்.

எண்பது நம்பர் சிப்பைப் பார்சலில் போட்டாயானால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். கையில் எடுத்துக்கொண்டு சனிக்கிழமைக்குள் வந்து சேர். வராதவன் பெயரை என் கையால் அடிக்க மாட்டேன். அதை அப்பாவிடம் நீயே வந்து சொல்லிக்கொள்.

கர்த்தர் உன் பயணத்தைக் காப்பாராக. முதலில் உன்னைப் பஸ் ஏறவும் வைப்பாராக.

ஆத்திரம் தீராத அக்கா,
ஜெப ஷீலா