பஸ்ஸில் நான் அடித்த ஆள்

10 நவ., திங்கள்

காலையிலிருந்து தூறல். கராத்தே டிரஸ் காயல. ரெக்கார்டு நோட் முடிக்கணும்.

ராமநாதபுரத்துலருந்து மூணு மணி பஸ். செம கூட்டம். பின்னாலருந்து இடுப்புல ஏதோ உரசுச்சு. மறுபடியும். யோசிக்கவே இல்ல, முழங்கை தானா போயிருச்சு. திரும்பினா ஒரு ஆள், அம்பது வயசிருக்கும், மூக்கைப் பொத்திக்கிட்டு. விரலிடுக்குல ரத்தம்.

"பொம்பளப் புள்ள மேல கை வைப்பியாடா?" ரெண்டு பேர் அவர் சட்டையைப் பிடிச்சு அறைஞ்சாங்க. ஒருத்தர் வீடியோ எடுத்தார். "சபாஷ் தாயி!"ன்னு ஒரு அம்மா.

மூணு வருஷம் முன்னால இதே ரூட்ல ஒருத்தன் தொட்டப்ப, வாயே திறக்காம இறங்கி அழுதவ நான். அப்புறம்தான் கராத்தே கிளாஸ்ல சேர்ந்தேன். இன்னைக்கு எங்க ஊரு உச்சிப்புளில நெஞ்சை நிமித்தி இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தா சுடிதார்ல, இடுப்புக்கிட்ட, கறுப்பா கிரீஸ். அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, அந்த ஆள் தோள்ல ஒரு சாக்கு தொங்குச்சு. அதுலருந்து இரும்பு பைப் நீட்டிக்கிட்டிருந்துச்சு.

கை இல்ல. பைப்.

11, செவ்வாய்

வீடியோ எல்லா குரூப்லயும். எங்க அய்யா டீக்கடையில எல்லார்கிட்டயும் "எம் மக"ன்னு காட்டினாராம்.

கராத்தே மாஸ்டர் போன். ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல எனக்குச் சால்வை போடுறாங்களாம். கிரீஸ் விஷயத்தைச் சொன்னேன். "விடும்மா. இப்ப இதச் சொன்னா, நாளைக்கு ஒரு புள்ளையும் தைரியமா கை ஓங்காது."

தினம் "பாத்து அடி, பாத்து அடி"ன்னு கத்துற மனுசன்.



12, புதன்

கண்டக்டர்கிட்ட அந்த ஆளைப் பத்திக் கேட்டேன். அக்காள்மடத்துக்காரர், கடலுக்கு மீன்பிடிக்கப் போறவராம். காலேஜுக்கு லீவு போட்டுட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அவர் சம்சாரம். "அன்னைக்கு அடிச்சது நாந்தான்"னேன். "இன்னும் என்ன மிச்சமிருக்குன்னு வந்த?"

அவருக்கு மூக்குல பெரிய கட்டு. "எம் போட்டு எஞ்சினுக்குப் பைப் வாங்கிட்டு வந்தேன் தாயி. மூக்கு ஆறிரும். எம் மக ரெண்டு நாளா என் முகத்தப் பாக்கல."

நேரா உள்ள போனேன்.

மக அடுப்படியில. பதினாறு வயசிருக்கும். "வீடியோல ஒங்களைப் பாத்து நானும் கராத்தே சேரணும்னு நெனச்சேன்க்கா. அடி வாங்குனது எங்கப்பான்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு."

"ஒங்கப்பா என்னைத் தொடல. நாந்தான் பாக்காம அடிச்சிட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவ போனையே கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னேன். என் பேரு, ஊரு, நடந்தது எல்லாம் சொன்னேன். எல்லா குரூப்லயும் போடச் சொன்னேன். போட்டுட்டு நேரா அப்பாகிட்ட போனா. அவர் மடியில முகத்தைப் புதைச்சுக்கிட்டா. அவர் கை அவ தலைக்குப் போச்சு. அங்க நிக்க முடியல, வந்துட்டேன்.

13, வியாழன்

மழை. அய்யா முகம் கொடுத்துப் பேசல. "காசு வாங்கிட்டு மாத்திப் பேசுறா"ன்னு குரூப்ல ஒருத்தன். அவனுக்கு அம்பது லைக்.

சால்வை கிடையாதாம். சாயங்காலம் கிளாஸ் போனேன். மாஸ்டர் என்னைப் பார்க்காமலே கடைசி வரிசையைக் காட்டினார். புதுசா சேர்ந்த சின்னப் புள்ளைக நிக்கிற வரிசை.

போய் நின்னேன்.